காம்போதிக்கு நடுவே ஒரு தூக்கம்

எங்கள் விழாவில் பாட வருகிறவர்கள் மேடைக்குப் பின்னாலுள்ள சின்ன அறையில் ஆளுக்கொரு விதமாகக் காத்திருப்பார்கள். ஒருவர் பனங்கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு முனகிப் பார்ப்பார். ஒருவர் சேலை மடிப்பை மறுபடி மறுபடி சரிசெய்வார். ஒருவர் சுவரைப் பார்த்துத் தாளம் போடுவார். ரப்பர் தோட்டத்திலிருந்து வருகிற அக்கா மட்டும் தூங்குவார். சுருட்டி அடுக்கிய பாய்களுக்கும் சுவருக்கும் நடுவே கிடைக்கிற இடத்தில் கைப்பையைத் தலைக்கு வைத்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, படுத்த வேகத்தில் தூங்கிப்போவார்.

விழா என்றால் இரத்தினபுரி டவுனில் கோயிலுக்குப் பின்னாலுள்ள மண்டபத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று நாள் நடக்கிற கர்நாடக இசை விழா. பகல் முழுக்க உள்ளூர்க்காரர்கள் பாடுவோம். சங்கீதம் படிக்கிற பிள்ளைகள், அவர்களின் டீச்சர்மார், ஆசைக்குப் பாடுகிற ஒன்றிரண்டு உத்தியோகத்தர்கள். பொழுது சாய்ந்த பிறகு கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பெரிய வித்துவான்கள் வருவார்கள். அந்தக் கச்சேரிகள் சாமம் வரைக்கும் நீளும். அவர்கள் தங்கள் பக்கவாத்தியக்காரர்களைக் கூடவே கூட்டி வந்துவிடுவார்கள். பகலில் பாடுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. எங்கள் பக்கத்தில் வேறு வயலின்காரர் இல்லாததால் காலையிலிருந்து மேடை ஏறுகிற அத்தனை பேருக்கும் நான்தான் வாசிக்க வேண்டும். நான் டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர். சுருதி சேராத பிள்ளைக்கும் வாசிப்பேன், தாளம் தப்புகிற கிளார்க் ஐயாவுக்கும் வாசிப்பேன். மத்தியானத்துக்குள் தோளில் தொடங்கிய வலி விரல் நுனிவரை இறங்கிவிடும்.

அந்த மத்தியான நேரம்தான் அக்காவின் நேரம். வருஷா வருஷம் அழைப்பிதழில் அவர் பெயர் அங்கேதான் இருக்கும். சரியாக அப்போதுதான் பக்கத்துக் கொட்டகையில் அன்னதானப் பந்தி தொடங்கும். அவர் வர்ணத்தை எடுக்கும்போதே நாற்காலிகள் கிறீச்சிடும். முடிக்கும்போது முன்வரிசையில் காது கேட்காத ஒரு பெரியவரும், ஒலிபெருக்கிக்காரரும், அக்கா கூடவே பஸ் ஏறி வந்த தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேரும் இருப்பார்கள். சாம்பார் வாளி தரையில் இழுபடுகிற சத்தம் மைக்கில் கேட்கும். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

"நேரத்த மாத்திக் கேளுங்கக்கா. நான் வேணும்னா விழாக் குழுத் தலைவர்கிட்டப் பேசுறேன்" என்று ஒரு தடவை சொன்னேன்.

"விடுங்க டீச்சர். பசிக்கிறவங்க சாப்பிடட்டும். வயித்துல ஒண்ணுமில்லாம எப்புடிப் பாட்டு கேப்பாங்க?" என்றார். அதில் கசப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அவருக்கே பசித்திருக்க வேண்டும்.

அவர் நிவித்திகலப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். வெயில் ஏறினால் பால் வடிவது நின்றுவிடும் என்பதால், விடியுமுன்பே நெற்றியில் டோர்ச்சைக் கட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும். மரத்துக்கு மரம் போய்ப் பட்டையைச் சீவி, சிரட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டு, பிறகு அதே மரங்களைத் திரும்பச் சுற்றிப் பாலை எடுத்து நிறுக்கக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. இரவில் இரண்டு மூன்று தடவையாவது திருப்பிப் போட வேண்டும். கணவர் மாணிக்கக் குழிகளில் கூலிக்குப் போகிறவர். ஒரு மகள், இரண்டு மகன்கள். விழா நாளில் பட்டை சீவுகிறதை மட்டும் முடித்துவிட்டுப் பால் எடுக்கிற வேலையைப் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வருவார். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவார். நடத்துனருக்கு இது தெரியும். "அக்கே, பஹின்ன" என்று சிங்களத்தில் இறங்கச் சொல்லித் தோளைத் தட்டி இறக்கிவிடுவான்.

தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் விரல் இடுக்குகளில் ரப்பர் பால் கறுப்பாய் ஒட்டியிருக்கும். பட்டுச் சேலைக்கு மேல் அந்தக் கை தாளம் போடும்போது புளித்த பாலின் வாசனை லேசாக என் பக்கம் வரும்.

கேகாலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அங்கே பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் சங்கீதம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு பாட்டு நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். நிற்கவில்லை. காரணத்தை ஒருநாள் அன்னதானம் முடிந்து கை கழுவுகிற இடத்தில் வைத்துச் சொன்னார். நான் கேட்டது சாதாரணமாகத்தான்.

"இவ்வளவு வேலைக்கு நடுவுல பாட்ட எப்புடிக்கா விடாம வச்சிருக்கீங்க?"

"பாடுறப்ப ஒக்காந்திருக்கலாம்ல டீச்சர்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மெய்யாத்தான் சொல்றேன். வீட்டுல ஒக்காந்தா யாராச்சும் கூப்புடுவாங்க. அம்மாங்கும், இந்தாங்கும், தண்ணிங்கும். மலையில ஒக்காந்தா கங்காணி கூப்புடுவாரு. பாடிக்கிட்டு இருக்கிறப்ப மட்டும் யாரும் கூப்புட மாட்டாங்க. பாட்டுக்கு நடுவுல எப்புடிக் கூப்புடுறதுன்னு அவங்களுக்குத் தெரியாது."

அதன் பிறகு அவர் பாடும்போது எனக்கு அது கேட்கத் தொடங்கியது. பகலில் பாடுகிற மற்றவர்கள் ஓடுவார்கள். நேரம் முடிவதற்குள் கற்றதையெல்லாம் கொட்டிவிட வேண்டும் அவர்களுக்கு. இவர் ஓடமாட்டார். ஒரு ஸ்வரத்தில் வந்து அமர்ந்தால் அமர்ந்ததுதான். பெரிய குரல் என்று சொல்ல மாட்டேன். மேலே போனால் கொஞ்சம் கரகரக்கும். ஆனால் எங்கும் போக வேண்டிய அவசரமில்லாத ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும் அந்தப் பாட்டு. காலையிலிருந்து வில்லை இழுத்து அலுத்த என் கைக்கு அந்த அரை மணி நேரம்தான் ஓய்வு.

நேரம் வந்ததும் பின்னறைக்குப் போய் அவரை எழுப்புவது என் வேலை. முதல் வருஷம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தூக்கிவாரிப்போட்டு எழுந்து, "என்னா, என்னா ஆச்சு?" என்று சேலையை வரிந்துகொண்டு கதவுப் பக்கம் ஓடினார். கதவருகே நின்றவர், எங்கே இருக்கிறோம் என்று தெரிந்ததும் பாய்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பேர் சொல்லிக் கூப்புடாதீங்க டீச்சர். வீட்டுல இருக்கேன்னு நெனச்சிக்கிறேன். சும்மா தொட்டு எழுப்புங்க."

இன்றைக்கும் அவர் பெயரை எழுதக் கை வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் விழாவின் இரண்டாம் நாள் காலையிலிருந்தே மழை. பின்னேரத்துக்குள் களுகங்கை ஆறு நிறைந்து கரையைத் தொட்டது. இரவுக் கச்சேரிக்குக் கொழும்பிலிருந்து வரவேண்டிய பாடகி, அவருடைய வயலின்காரர், மிருதங்கக்காரர் எல்லோரும் ஒரே வான் வண்டியில் வந்துகொண்டிருந்தார்கள். குருவிட்டைக்கு அந்தப் பக்கம் ரோட்டில் மண் சரிந்து வான் நின்றுவிட்டது. திரும்பிப் போகிறோம் என்று போன் வந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. டவுனின் பெரிய மனிதர்கள், மாணிக்க வியாபாரிகள், டாக்டர் குடும்பங்கள் என்று இரவுக் கூட்டமே தனி. விழாக் குழுத் தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது. அவருக்கு டவுனில் மாணிக்கக் கடை இருக்கிறது. நல்ல மனிதர்தான், ஆனால் விழா என்றால் அவருக்கு இரவுதான் விழா.

"டீச்சர், அந்தப் பால் வெட்டுற அம்மா இன்னும் போகலதானே?" என்று என்னிடம் வந்தார்.

போகவில்லை. அந்த மழையில் நிவித்திகலப் பக்கம் பஸ் ஓடவில்லை. மத்தியானம் பாடி முடித்தவர், சும்மா இருக்க முடியாமல் சமையற்கட்டில் அண்டா கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"எம்புட்டு நேரம் பாடணும்?"

"ரெண்டு மணித்தியாலம் கேக்குறாங்கக்கா. முடியலன்னா சொல்லிடுங்க. களைச்சிப்போயிருக்கீங்க."

"ரெண்டு மணித்தியாலமா?" கையிலிருந்த சாம்பலைக் கழுவினார். "ரெண்டு மணித்தியாலமும் ஒக்காந்தே இருக்கலாமா?"

"ஆமா."

"அப்ப வாறேன்."

வங்கியில் வேலை செய்கிற மிருதங்கத் தம்பியும் நானும் பகல் முழுக்க வாசித்துச் செத்துப்போயிருந்தோம். மூவருமாக மேடையேறினோம். அதே பட்டுச் சேலை. அண்டா கழுவியதில் முழங்கைவரை ஈரம். முன்வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வர்ணம் முடிந்தபோது சலசலப்பு குறைந்தது. இரண்டாவது கீர்த்தனையில் யாரோ தலையாட்டினார்கள். தலைவர் பக்கவாட்டில் நின்று கையைக் கூப்பிக்கொண்டிருந்தார். பிறகு அக்கா காம்போதியை எடுத்தார்.

பகலில் அரை மணி நேரத்தில் அந்த ராகத்தை விரித்துப் பாட முடியாது. அதனால் அவர் பாடி நான் கேட்டதில்லை. அன்றைக்கு இடம் கிடைத்தது. கீழே நின்று நின்று, மெல்ல ஏறி, மேல் ஷட்ஜத்தைத் தொட்டு, கரகரத்த குரலை மறைக்காமல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பஞ்சமத்துக்கு இறங்கி அமர்ந்தார். மண்டபத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. என் பக்கம் லேசாகத் தலையசைத்தார். அவர் பாடியதற்கு வயலினில் பதில் சொல்ல வேண்டிய முறை என்னுடையது. நான் வாசித்தேன். முடிக்கிற இடத்துக்கு வந்து, கீர்த்தனையைத் தொடங்குவார் என்று பார்த்தேன்.

முதுகு நிமிர்ந்தபடி இருந்தது. கண் மூடியிருந்தது. தாளம் போடும் கை மடியில் மல்லாந்து திறந்து கிடந்தது. மூச்சு நீளமாக, சீராக வந்துகொண்டிருந்தது. பாய்களுக்கு நடுவே வருஷா வருஷம் பார்த்த மூச்சு அது.

மிருதங்கத் தம்பியும் பார்த்துவிட்டான். புருவத்தை உயர்த்தி, எழுப்பட்டுமா என்று கேட்டான். நான் தலையசைத்தேன், வேண்டாமென்று. ஏன் வேண்டாமென்றேன் என்று இப்போது யோசித்தால் பல காரணம் சொல்லலாம். அப்போது தோன்றியது ஒன்றுதான். அந்த முகம் அவ்வளவு அமைதியாக இருந்தது, அதை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

வில்லைத் தந்தியிலிருந்து எடுக்காமல் தொடர்ந்து வாசித்தேன். எனக்குத் தெரிந்த காம்போதியெல்லாம் வாசித்தேன். தெரியாத இடங்களுக்கும் போனேன். பக்கவாத்தியக்காரியிடம் இவ்வளவு நேரம் வாசி என்று யாரும் சொல்வதில்லை. தோள் வலித்ததா என்று நினைவில்லை. ஒரு கட்டத்தில் கூட்டத்திலிருந்து "ஆஹா" என்று ஒரு சத்தம் வந்தது. அது எனக்கு வந்தது என்பது விளங்கவே ஒரு நொடி பிடித்தது. அவர் ரசித்துக்கொண்டிருக்கிறார் என்றே பலரும் நினைத்தார்கள். பாடகர்கள் கண்ணை மூடிக் கேட்பது வழக்கம்தானே.

இனி என்னிடம் ஒன்றுமில்லை என்றானபோது, ஒரு நிறுத்தத்தில் வில்லின் நுனியால் அவர் முழங்காலை மெல்லத் தொட்டேன். கண் திறந்தது. திடுக்கிடவில்லை. நான் நின்றிருந்த அதே ஸ்வரத்தை எடுத்து, அங்கிருந்தே கீர்த்தனையைத் தொடங்கினார். நல்ல தூக்கம் தூங்கி எழுந்த குரல். அந்தக் கரகரப்புக்கூட அப்போது இல்லை. முடிந்ததும் மண்டபம் கைதட்டி ஓயவில்லை.

இறங்கி வந்து தண்ணீர் குடிக்கும்போது, "ரொம்ப நேரமா டீச்சர்?" என்று காதோடு கேட்டார்.

"கொஞ்ச நேரந்தான்க்கா."

"சத்தியமா எனக்குத் தெரியாமப் போயிடுச்சி. ஆனா நீங்க வாசிச்சது தூக்கத்துலயும் கேட்டுக்கிட்டே இருந்திச்சி."

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முன்வரிசையில் யாரோ போனில் பிடித்திருக்கிறார்கள். அவர் பாடியதையும் விட்டுவிட்டு, எழுந்து பாடியதையும் விட்டுவிட்டு, தூங்கியதை மட்டும் வெட்டி முகநூலில் போட்டுவிட்டார்கள். மேடையில் நித்திரை கொள்ளும் பாடகி என்று ஒரு தலைப்பு, கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். இரண்டு நாளில் அது எங்கெங்கோ போய்விட்டது. என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட எனக்கே அனுப்பினார்கள். பின்னால் கேட்பது என் வயலின் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். ஆறுதல் சொல்ல என்னென்னவோ வார்த்தைகளைப் பஸ்ஸிலேயே தயார்செய்திருந்தேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் அவர் கணவர் எதிர்ப்பட்டார்.

"வாங்க டீச்சர். மானம் போச்சு. குழியில கூட வேல செய்யிறவனுங்க போனத் தூக்கி மூஞ்சிக்கு நேரா காட்டுறானுங்க. முதலாளி மஹத்தயாமாருகூட சிரிக்கிறாங்க. இனி மேடையும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார். கோபத்தைவிட அந்தக் குரலில் அவமானம்தான் இருந்தது.

உள்ளே அக்கா மாமியாரின் கட்டிலோரம் உட்கார்ந்து, மகளின் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீடியோதான் ஓடியது. முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, அதப் பாக்காதீங்க" என்றேன்.

"இருங்க டீச்சர், இங்க வந்து பாருங்க." பக்கத்தில் இடம்விட்டு நகர்ந்தார். "நா தூங்குறத நா பாத்ததே இல்ல. எம்புட்டு நல்லாத் தூங்குறேன் பாருங்க. வாயக்கூடத் தொறக்கல."

கிண்டல் செய்கிறாரா, மனதைத் தேற்றிக்கொள்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரோ ஒரு பெண் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்க்கிற மாதிரி. தயார்செய்து கொண்டுபோன வார்த்தைகளை விட்டுவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டிலில் இருந்து கிழவி "தண்ணி" என்றார். அக்கா போனை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

அடுத்த வருஷ அழைப்பிதழில் அவர் பெயர் இல்லை. நான் கேட்டேன். ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டேன்.

"நமக்கு அவங்க மேல கோபம் ஒண்ணுமில்ல டீச்சர். அன்னைக்கு மானத்தக் காப்பாத்தினதும் அவங்கதான். ஆனா விழாவுக்குன்னு ஒரு மரியாத இருக்குதானே. ஆளுங்க சிரிப்பாங்க" என்றார் தலைவர்.

மத்தியான நேரத்தை ஒரு சின்னப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அதுவும் நன்றாகத்தான் பாடியது. மற்றவர்களைப் போலவே ஓடியது.

அதற்குள் தோட்டமும் சரியாக இல்லை. இலை கருகி உதிர்கிற நோய் வந்து ரப்பர் மரங்கள் மொட்டையாக நின்றன. பால் குறைந்தது, வேலை நாட்கள் குறைந்தன. பிறகு ஒரு பக்கமாக மரங்களை வெட்டத் தொடங்கினார்கள். மாமியார் இறந்துபோனார். காரியம் முடிந்த கையோடு அக்கா கொழும்புக்குப் போனார், ஒரு வயதான தம்பதிக்குச் சமைத்துப்போட. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ள நேரமில்லை. சில மாதம் கழித்துத்தான் எனக்குப் போன் பண்ணினார்.

"எப்புடி இருக்கீங்கக்கா? வேல கஷ்டமா?"

"கஷ்டமே இல்ல டீச்சர். ரெண்டு பேருக்குத்தான் சமையல். எனக்குன்னு தனியா ஒரு ரூம் குடுத்திருக்காங்க. ஃபேன் இருக்கு. எட்டு மணிக்கெல்லாம் படுத்துடுவேன். தூக்கமெல்லாம் நல்லா வருது. பாட்டுத்தான் வரமாட்டேங்குது."

"சாதகம் விட்டுப்போயிருக்கும்க்கா. தெனம் கொஞ்சம் பாடுங்க."

"அது இல்ல டீச்சர். வாயத் தொறந்தா வருது. பாடணும்னு தோணத்தான் மாட்டேங்குது."

சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்தேன். பிறகும் அவ்வப்போது பேசுவோம். பாட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த வருஷ விழாவுக்கு அவர் வந்தார். பாட அல்ல. அவர் வேலை செய்கிற வீட்டுக்காரர்கள் மகளைப் பார்க்கக் கண்டிக்குப் போயிருந்தார்களாம், இரண்டு நாள் லீவு கிடைத்ததாம். காலையில் முதல் பிள்ளை மேடையேறும்போது பின்வாசலால் வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. கைவிரல்கள் சுத்தமாக இருந்தன. யாரும் அவரை அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை. சிரித்தவர்கள் மறந்துபோயிருந்தார்கள்.

அவர் எழுந்துபோகவில்லை. பந்தி தொடங்கி நாற்காலிகள் காலியானபோதும் இருந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் மடியில் விரல் தாளம் போட்டது. வாசிக்கும் நேரமெல்லாம் நான் அடிக்கடி அந்தப் பக்கம் பார்த்தேன். ஒரு தடவைகூடக் கண் செருகவில்லை. பொழுது சாய்ந்து இரவுக் கூட்டம் வந்தது. அன்றைக்கு வரவேண்டிய ஒரு வயலின்காரருக்குக் காய்ச்சல் என்று தலைவர் என்னையே இரவுக்கும் உட்காரச் சொன்னார். முடியாது என்று சொல்லத் தெரியாமல் உட்கார்ந்தேன். பெரிய வித்துவான். என்னை ஒரு தடவையும் திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று பாடினார். பின்னாலேயே ஓடினேன்.

முடிந்ததும் எல்லோரும் வித்துவானைச் சூழ்ந்துகொண்டார்கள். பொன்னாடை, புகைப்படம். நான் வயலினைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டுப் பக்கவாட்டுப் படியால் இறங்கினேன். அங்கே அவர் நின்றிருந்தார்.

"எப்புடிக்கா இருந்திச்சி?" என்று கேட்டேன். நன்றாக இருந்தது என்பார், அல்லது அந்த வித்துவானைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"நீங்க ரொம்பக் களைச்சிப்போயிட்டீங்க டீச்சர்" என்றார்.

இத்தனை வருஷத்தில் யாரும் அதை என்னிடம் சொன்னதில்லை. நன்றி சொல்லியிருக்கிறார்கள், பொன்னாடைகூடப் போட்டிருக்கிறார்கள். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையிலிருந்து பெட்டியை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி எனக்கு வழி செய்தபடி ரோட்டை நோக்கி முன்னால் நடந்தார்.